புதுப்பிப்பு: குற்றவாளி விரல் இல்லை, கிடார்தான்

52 வயதில் பரணிலிருந்து கல்லூரிக் காலத்துக் கிடாரை இறக்கினேன், எஃப் கார்டு (ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) மட்டும் பிடிபடவே இல்லை, விரலுக்கு வயதாகிவிட்டதா என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பலர் "பயிற்சி போதாது" என்றீர்கள். ஒருவர் மட்டும் கம்பியின் உயரத்தை அளக்கச் சொன்னார்.

அளந்தேன். 12ஆவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தடித்த கம்பிக்கு அடியில் 4 மில்லிமீட்டர்! உயரம் கூடினால் அழுத்துவது கஷ்டம், இரண்டரை போதுமாம்.

திருவல்லிக்கேணியில் கிடார் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். "நம்ம ஊர் ஈரக்காத்துல பலகை உப்பிடும் சார், கம்பி மேல ஏறிடும். அதுவும் கடலுக்கு இவ்வளவு பக்கத்துல" என்றார். கழுத்துக்குள் இருக்கும், அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று திருகினார். கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையான சேடிலின் அடியை உப்புத்தாளில் தேய்த்து இறக்கினார். கனமான கம்பிகளைக் கழற்றிவிட்டு மெல்லிய 10ஆம் நம்பர் செட்டை மாட்டினார். சத்தம் கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது, பரவாயில்லை.

இப்போது எஃப் வருகிறது. முழுசாக இல்லை. ஆள்காட்டி விரலின் மடிப்பு சரியாக இரண்டாவது கம்பிமேல் விழுவதால் அது மட்டும் ஊமை. விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்தால் பேசுகிறது, அப்புறம் மறுபடி மௌனம்.

பக்கத்து வீட்டு அக்கா நேற்று, "தம்பி, வேற பாட்டே தெரியாதா?" என்று கேட்டார். அது பாட்டே இல்லை, ஒரே கார்டு என்று எப்படிச் சொல்வது?