சரக்கு ஏற்றினால் பெரிய கப்பல் நிற்க மறுக்கிறது, நுழைவாயிலில் மோதுகிறேன்: உதவி தேவை

நீலவால் (கேள்வி)

விண்கப்பல் ஓட்டும் எலைட் டேஞ்சரஸ் என்ற கணினி விளையாட்டில் நெடுநாள் சிறிய கப்பல்களையே ஓட்டிவந்தேன். அண்மையில் இம்பீரியல் கட்டர் என்ற பெரிய சரக்குக் கப்பலை வாங்கினேன். காலியாக ஓட்டியபோது கொஞ்சம் வழுக்கியது, ஆனாலும் சமாளித்தேன். சரக்கறையை முழுதாக நிரப்பிக்கொண்டு போன மூன்று பயணங்களில் இரண்டு முறை விண்வெளி நிலையத்தின் நுழைவாயில் ஓரத்தில் மோதிவிட்டேன். முதல் முறை கவசம் போனது. அடுத்த முறை கப்பலும் போனது, ஏற்றிய சரக்கும் போனது.

வாயிலை நோக்கி வரும்போது சற்று இடப்புறம் விலகியிருப்பது தெரிகிறது. மூக்கை வலப்புறம் திருப்புகிறேன். மூக்கு திரும்புகிறது, கப்பல் திரும்புவதில்லை. பழைய பாதையிலேயே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. பதறிப்போய் த்ராட்டிலை (வேகக் கட்டுப்பாட்டை) பூஜ்யத்துக்கு இழுத்தாலும் நிற்பதற்குள் சுவர் வந்துவிடுகிறது. கப்பலைத் தானாக நிலைப்படுத்தும் ஃப்ளைட் அசிஸ்ட் இயக்கத்தில்தான் இருக்கிறது. ஜாய்ஸ்டிக் அமைப்புகளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். பழுது எங்கே இருக்கிறது?

மந்தகதி

ஜாய்ஸ்டிக்கைப் பழையபடியே வைத்துவிடுங்கள், அதில் குறை இல்லை. "மூக்கு திரும்புகிறது, கப்பல் திரும்புவதில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் முழுவதும் அந்த வரியில் இருக்கிறது.

கார் வளைவில் திரும்புவது சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வால். விண்வெளியில் பிடித்து நிறுத்தத் தரையும் இல்லை, காற்றும் இல்லை. மூக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும், ஏற்கெனவே இருக்கும் திசைவேகத்தை ஏதாவது ஓர் உந்துபொறி எதிர்த்துத் தள்ளினால்தான் அது மாறும். கட்டரின் கூடு மட்டுமே 1,100 டன். அதில் 700 டன்னுக்கு மேல் சரக்கு ஏற்ற முடியும். உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. அங்கே எடை இல்லாமல் போகலாம், நிறை எங்கும் போவதில்லை. அதே உந்துபொறிகள் இப்போது இவ்வளவு கூடுதல் நிறையை அடக்க வேண்டும்.

ஃப்ளைட் அசிஸ்ட் உங்களுக்காகப் பக்கவாட்டு உந்துபொறிகளை இயக்குகிறது, அவ்வளவுதான். இல்லாத விசையை அதனால் உண்டாக்க முடியாது. கட்டர் முன்னோக்கிப் பாய்வதில் வல்லது, பக்கவாட்டில் தன்னை நிறுத்திக்கொள்வதில் பலவீனமானது. வழுக்கல் அங்கிருந்துதான் வருகிறது.

எந்த வேகத்தில் வாயிலை நெருங்குகிறீர்கள்?

நீலவால்

ஏறத்தாழ நொடிக்கு 200 மீட்டர். வாயில் நன்றாகத் தெரியத் தொடங்கியதும் குறைப்பேன்.

மந்தகதி

அதுதான் காரணம். வேகம் இரட்டித்தால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். கணக்கை எளிதாக வைத்துக்கொள்ள, ஒரு கப்பலால் ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தில் 10 மீட்டர் குறைக்க முடியும் என்று கொள்ளுங்கள். 100 மீட்டர் வேகத்திலிருந்து நிற்க அதற்கு 500 மீட்டர் தேவை. 200 மீட்டர் வேகம் என்றால் 2,000 மீட்டர். நிறை கூடி, நொடிக்கு 6 மீட்டர்தான் குறைக்க முடிகிறது என்றால் அந்த 2,000 மீட்டர் 3,300-ஐத் தாண்டிவிடும். இவை விளக்கத்துக்கான எண்கள். உங்கள் கப்பலின் எண்ணை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்: சரக்கோடு திறந்த வெளிக்குப் போய், 200-இல் ஓட்டி, த்ராட்டிலைப் பூஜ்யமாக்கி, நிற்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். வேகத்தில் பாதியை அந்த நொடிகளால் பெருக்கினால் நிற்கும் தொலைவு தோராயமாகக் கிடைக்கும்.

இன்னொன்று. வேகமானியில் நீல நிறப் பகுதி இருக்கிறதே, கப்பல் மிக விரைவாகத் திரும்புவது அந்த வேகத்தில்தான்.

சுழல்வட்டம்

நான் வேறு மாதிரி சொல்வேன். ஃப்ளைட் அசிஸ்டை அணைத்துவிடுங்கள். அணைத்தால் கப்பலை முழுதாகத் திருப்பி, முதன்மை இயந்திரத்தின் வலிமையாலேயே வேகத்தைக் குறைக்கலாம். கட்டரின் பலமே அந்த இயந்திரம்தான்.

மந்தகதி

திறந்த வெளியில் அருமையான முறை, நானும் செய்வதுண்டு. ஆனால் வாயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மற்ற கப்பல்கள் வந்துபோகும் பாதையில், முழுச் சரக்கோடு இருக்கும் ஒருவருக்கு இதை இப்போது சொல்லாதீர்கள். காலிக் கப்பலில் பழகிய பிறகு செய்யட்டும்.

பழைய வலவன்

இது விளையாட்டோடு நிற்கும் விஷயம் அல்ல. 1997 ஜூன் 25 அன்று மீர் விண்வெளி நிலையத்தோடு புரோகிரஸ் எம்-34 என்ற சரக்கு விண்கலத்தைத் தொலைக் கட்டுப்பாட்டில், கையால் இயக்கி இணைக்க முயன்றார்கள். ஏறத்தாழ 7 டன் கலம். வேகம் கூடுதல் என்று உணர்ந்தபோது அதைத் தடுக்கும் நேரம் கடந்துவிட்டிருந்தது. கலம் ஸ்பெக்டர் பகுதியில் மோதியது, காற்று கசியத் தொடங்கியது, அந்தப் பகுதியையே மூடி அடைக்க வேண்டியதாயிற்று. விண்வெளி ஓடங்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தை இறுதியாகத் தொட்டது நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில்தான். பெரிய கப்பலை மெதுவாகக் கொண்டுவருவதைப் பயந்தவர் வேலை என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நண்பர் நீலவாலுக்கு ஒரு நடைமுறை யோசனை. விலகலை வாயிலுக்கு அருகில் திருத்தாதீர்கள். 7.5 கிலோமீட்டருக்குள் வந்து நிலையத்தில் இறங்க அனுமதி கேட்கும்போதே வாயிலின் நேர்க்கோட்டுக்கு வந்துவிடுங்கள். அதன் பிறகு மூக்கைத் தொடாமல் பக்கவாட்டு உந்துபொறிகளை மட்டும் சிறிது சிறிதாகத் தட்டித் திருத்துங்கள். நிலையத்துக்கு அருகில் 100-க்கு மேல் வேகத்தில் போய் இன்னொரு கப்பலில் மோதினால் அது குற்றமாகவும் பதிவாகும்.

நீலவால்

அனைவருக்கும் நன்றி. திறந்த வெளியில் அளந்து பார்த்தேன். நான் த்ராட்டிலைக் குறைக்கத் தொடங்கிய இடம், நிற்கத் தேவையான தொலைவுக்கு மிகவும் உள்ளே இருந்திருக்கிறது. இன்று முழுச் சரக்கோடு இரண்டு முறை 80-இல் நுழைந்தேன், ஓரத்தில் உரசக்கூட இல்லை.

ஒன்று மட்டும் மிச்சம். சுழலும் நிலையத்தோடு சேர்ந்து கப்பலை உருட்டும்போது, சரியான கோணத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

பழைய வலவன்

சுழற்சிக்கும் நிலைமம் உண்டு. நிறை நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறதோ, சுழலத் தொடங்குவதும் நிற்பதும் அவ்வளவு தாமதமாகும். கட்டர் அகலமான கப்பல். கோணம் பொருந்தும்வரை உருட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பொருந்துவதற்குக் கொஞ்சம் முன்பே கையை எடுங்கள், மிச்சத்தைக் கப்பலே உருண்டு முடித்துவிடும்.