சிஸ்பிளாட்டின்ல இருக்கற பிளாட்டினம் கேன்சரை எப்படி கொல்லுது?

தேனி மைந்தன்:
எங்க அத்தைக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர், ரேடியேஷன் கூடவே வாரம் ஒருநாள் சிஸ்பிளாட்டின் ஏத்துறாங்க, மூணு வாரம் முடிஞ்சிருச்சு. அதுல இருக்கறது பிளாட்டினம்னு நேத்துதான் தெரிஞ்சது. நகைக்கடைல இருக்கற அதே பிளாட்டினமா? ஒரு உலோகம் உள்ள போயி கேன்சரை எப்படிங்க கொல்லும்? மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் பாட்டில் பாட்டிலா சலைன் வேற போகுது, அது எதுக்கு?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
அதே பிளாட்டினம்தான் தம்பி, ஆனா உலோகத் துண்டா இல்ல. நடுவுல ஒரே ஒரு பிளாட்டினம் அணு, அதுல ரெண்டு அமோனியாவும் ரெண்டு குளோரினும் ஒட்டியிருக்கும். ரத்தத்துல குளோரைடு நிறைய இருக்கறதால அந்தக் குளோரின் அவ்வளவு சீக்கிரம் கழண்டு போகாது, செல்லுக்குள்ள குளோரைடு ரொம்பக் கம்மி, அங்க போனதும் அது கழண்டு அந்த இடத்துல தண்ணி வந்து ஒட்டிக்கும், அப்பதான் மருந்துக்கே வீரியம் வருது. டி.என்.ஏ.ல பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு குவானினை (டி.என்.ஏ.வோட நாலு எழுத்துல ஒண்ணு) சேத்துப் புடிச்சுக்கும், அந்த எடம் வளைஞ்சு போயிரும். செல் ரெண்டா பிரியணும்னா டி.என்.ஏ.வை காப்பி எடுக்கணும்ல, அங்க வந்து மாட்டிக்குது. ரிப்பேர் பண்ணப் பாக்கும், முடியலேன்னா தன்னைத்தானே அழிச்சுக்கும். சிஸ்பிளாட்டின்ல ரெண்டு அமோனியாவும் பக்கத்து பக்கத்து மூலைல இருக்கும், இதே அணுக்களை வச்சு ரெண்டும் எதிரெதிர் மூலைல இருந்தா அது மருந்தாவே வேலை செய்யாது, எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமா இருக்கற விஷயம் இது.

பழைய பேப்பர்:
இது கண்டுபிடிச்ச கதையும் சொல்லணும். 1965ல மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டில பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியா வளர்ற திரவத்துல கரண்ட் விட்டுப் பாத்தாரு, பாக்டீரியா ரெண்டா பிரியாம நூல் மாதிரி நீண்டுக்கிட்டே போச்சு. காரணம் கரண்ட் இல்ல, கரண்ட் விடறதுக்கு வச்ச பிளாட்டினம் எலக்ட்ரோடு கரைஞ்சு உண்டான சேர்மம். 1978ல அமெரிக்கால மருந்தா அனுமதி கெடச்சது. விதைப்பை கேன்சர் உடம்பு பூரா பரவினவங்களே பொழைக்க ஆரம்பிச்சது இதுக்கப்புறம்தான்.

வார்டு நர்ஸ்:
சலைன் கிட்னிக்காகங்க. இந்த மருந்து கிட்னி வழியாதான் வெளிய போகுது, அங்க தங்குனா கிட்னி கெட்டுரும், அதான் ஊத்தி ஊத்தி கழுவுறோம். வீட்லயும் டாக்டர் சொன்ன அளவு தண்ணி குடிக்க வைங்க, வாந்தின்னு சொல்லி விட்றாதீங்க. காதுல இரைச்சல், கை கால் மரத்துப்போறது இருந்தா அடுத்த ஊசிக்கு முன்னாடியே சொல்லிருங்க.

தேனி மைந்தன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அக்கா, இப்ப அத்தைகிட்ட கேட்டேன், ஒரு வாரமா காதுல ங்ஙொய்னு சத்தம் வருதாம், வயசாச்சுல்லன்னு யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காங்க. நாளைக்கு ஊசிக்கு முன்னாடி நானே டாக்டர்கிட்ட சொல்றேன்.