ஏலத்துல எடுத்த ஆமி லொறிக்கு ஸ்டேரிங் பாட்ஸ் எங்க எடுக்கலாம்?

அண்ணன்மாரே, ஆமி ஏலத்துல வந்த லேலண்ட் ஸ்டாலியன் ஒண்டு செங்கலடியில கிடக்கு, நெல் ஏத்தத்தான் எடுத்தது. ஸ்டேரிங் கால் சுத்து சும்மாவே சுத்துது. கராஜ்ல டை ரொட் எண்டும் (முன் சில்லு ரெண்டையும் இணைக்கிற கம்பிட முனை) ட்ராக் லிங்கும் (ஸ்டேரிங் பொக்ஸ்ல இருந்து சில்லுப் பக்கம் போற கம்பி) போயிட்டு எண்டுறாங்க. டவுன் கடையில லொறிட பேரக் கேட்டதுமே கைய விரிக்கிறாங்க.

பதில் 1:
கழட்ட முதல் பாருங்க தம்பி. ஒராள் ஸ்டேரிங்க இங்கால அங்கால ஆட்ட, நீங்க கீழ படுத்து ஒவ்வொரு ஜொயிண்டா கையால புடிச்சுப் பாருங்க. எங்கட லொறியில ஸ்டேரிங் பொக்ஸ் போல்ட்தான் லூசு, அது தெரியாம மூணு நாள் பாட்ஸ் தேடி அலைஞ்சன்.

பதில் 2:
பேரச் சொல்லிக் கேட்டா ஒண்டும் கிடைக்காது, பழைய சாமானக் கழட்டி எடுத்துக்கிட்டு பாட்ஸ் கடைகள் இருக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போங்க. டேப்பர்ட (ஜொயிண்ட்ல கூம்பா ஒடுங்குற தண்டு) ரெண்டு முனையும் மரையும் வேர்னியரால (நுணுக்கமா அளக்கிற கருவி) அளந்து பாத்து எடுங்க. டை ரொட்ல ஒரு பக்கம் வலது மரை மத்தது இடது மரை, நான் ரெண்டும் ஒரே மரையா வாங்கி வந்து மனிசிட்ட ஏச்சு வாங்கினவன். சாதா லொறிட கிங் பின் (முன் சில்லு திரும்புற அச்சாணி) எடுத்துராதீங்க, இது நாலு சில்லும் இழுக்கிற ஃபோர் வீல், முன் அக்ஸில் வேற.

பதில் 3:
பழைய சாமானுக்கு வெல்டிங் அடிச்சுத் தாறன் எண்டு ஆரும் சொன்னா ஓம் எண்டுராதீங்க.

கேட்டவர்:
படுத்துப் பாத்தன் அண்ணே, ட்ராக் லிங்க்தான், பந்து குழிக்குள்ள கடகடங்குது. வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ் ஏறுறன்.