வாயைச் சுத்தி பெரியோரல் டெர்மடைட்டிஸ் இருந்தா எந்த ஃபேஸ்வாஷ் எடுக்கிறது? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஃபேஸ்வாஷ் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படிங்கன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. முன்பக்கம் ஜென்டில், நேச்சுரல்னு என்ன வேணாலும் போட்டிருக்கும், பின்னாடி பார்த்தா சோடியம் லாரில் சல்ஃபேட்ங்கிற கடுமையான நுரைப்பொருள், பர்ஃப்யூம், மென்தால் எல்லாம் வரிசையா இருக்கும்.

எனக்கு வாயைச் சுத்தியும் மூக்கோரத்துலயும் பொடிப்பொடியா செவப்பா வந்துச்சு, ஆனா உதட்டை ஒட்டி மெல்லிசா ஒரு கோடு அளவுக்கு மட்டும் தோல் சுத்தமா இருந்துச்சு. பார்த்தவங்க எல்லாரும் பிம்பிள்னாங்க, சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ் போடுன்னாங்க, ஸ்கின் டாக்டர் தான் அந்தக் கோட்டைக் காட்டி, கரும்புள்ளி எதுவும் இல்ல பாருங்க, இது பிம்பிள் இல்ல, பெரியோரல் டெர்மடைட்டிஸ்ங்கிற தோல் அழற்சின்னு சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வியே முகத்துல ஸ்டீராய்டு கிரீம் போடுறீங்களான்னு தான். இது வர்றதுக்கும் போகாம நிக்கிறதுக்கும் பெரிய காரணம் அதுதானாம். அதனால எந்த ஃபேஸ்வாஷும் இதைக் குணப்படுத்தாதுங்கிறதை முதல்ல மனசுல வெச்சுக்கோங்க, அது புண்ணாகியிருக்கிற தோலை மேற்கொண்டு நோண்டாம இருந்தாலே போதும்.

ஆரம்பத்துல டாக்டர் கிரீம், மேக்கப், ஃபேஸ்வாஷ் எல்லாத்தையும் நிறுத்திட்டு வெதுவெதுப்பான தண்ணி மட்டும் போதும்னுட்டார். கொஞ்சம் அடங்கின பிறகுதான் கிளென்சர். சாதாரண சோப்போட pH, அதாவது அமில-கார அளவு, 9, 10னு இருக்கும், நம்ம தோலுக்கு 5 கிட்ட, அதனால சோப்பு வேண்டவே வேண்டாம். டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு மாதிரி மைல்டான நுரைப்பொருள் இருக்கிற, வாசனை சேர்க்காத, லிஸ்ட் சின்னதா இருக்கிற ஒண்ணா பாருங்க. "அன்சென்டட்"னு போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க, வாசனை தெரியாம இருக்கறதுக்குன்னே வேற வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம், "ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ"ன்னு இருக்கணும். ஸ்க்ரப், பிரஷ், எசென்ஷியல் ஆயில், பிம்பிளுக்குப் போடுற பென்சாயில் பெராக்ஸைடு பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

புதுசு வாங்கினா தாடையோரம் கொஞ்சமா சில நாள் போட்டுப் பாருங்க. கழுவி ஒத்தி எடுத்துட்டு எதுவும் தடவாம கொஞ்ச நேரம் இருந்து வாயை நல்லா "ஆ"ன்னு திறங்க, வாயோரம் இழுத்தாலோ எரிஞ்சாலோ அது உங்களுக்கு ஆகாது, எவ்வளவு நல்ல பேர் வாங்கின பொருளா இருந்தாலும் சரி. என் அளவுகோல் இன்னைக்கும் இதுதான்.

இன்னொண்ணு, பல்லு விளக்கிட்டு அப்புறமா முகம் கழுவுங்க. டூத்பேஸ்ட் நுரை வாயோரம் வழிஞ்சு அங்கேயே காயுது பாருங்க, அதுலயும் பெரும்பாலும் சல்ஃபேட்டும் மின்ட்டும் தான் இருக்கு.

———

நல்ல பதிவுக்கா. என் பையனுக்கு இது வந்தப்போ குழந்தைக்கு எப்படின்னு பயந்துட்டேன். அவனுக்கு மாஸ்க் வெச்சு ஸ்டீராய்டு இன்ஹேலர் குடுக்கிறோம், மாஸ்க் படுற இடத்துல அப்படியே வளையமா வந்துச்சு. இன்ஹேலரை நீங்களா நிறுத்திடாதீங்க, ஒவ்வொரு தடவை குடுத்ததும் முகத்தைக் கழுவி வாயைக் கொப்பளிக்க வைங்கன்னு டாக்டர் சொன்னார், தடவ மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாடிக் ஜெல் குடுத்தார். கழுவ பெரும்பாலும் வெறும் தண்ணி தான், மத்தபடி வாசனை இல்லாத கிளென்சர், துண்டு வெச்சுத் தேய்க்காம விரல்ல தான் போடுவேன். இப்போ நல்லாவே அடங்கிடுச்சு.

———

அக்கா ஒரு டவுட். பெட்டாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கிரீமை நிறுத்திட்டு நீங்க சொல்ற மாதிரியே ஒரு கிளென்சர் ஆரம்பிச்சேன், முகம் முன்னைவிட மோசமா செவந்து எரியுது, கிளென்சர் தான் ஒத்துக்கலையா?

———

தங்கச்சி, ஸ்டீராய்டு நிறுத்தினா முதல்ல கூடத்தான் செய்யும், அது நிறுத்துறப்போ வர்ற எதிர்வினை. கிளென்சர் காரணமான்னு தெரியணும்னா அதை நிறுத்திட்டு தண்ணியில மட்டும் கழுவிப் பாரு, கழுவின உடனே வர்ற எரிச்சல் குறையுதான்னு கவனி. தாங்க முடியலைன்னு மறுபடி அந்த கிரீமை எடுத்துடாத, போட்டதும் அடங்கும், விட்டதும் திரும்ப வரும், இப்படியே மாசக்கணக்கா இழுக்கும். டாக்டர்கிட்ட எந்த கிரீமை எவ்வளவு நாளா போட்டேங்கிறதை மறைக்காம சொல்லு, டியூபையும் கையோட எடுத்துட்டுப் போ. சில பேருக்குப் படிப்படியா குறைச்சு நிறுத்தச் சொல்வாங்க, சில பேருக்கு டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை சில வாரம் தருவாங்க, கர்ப்பமா இருந்தா அதையும் முன்கூட்டியே சொல்லிடு. அதுவரைக்கும் புதுசா எதையும் முகத்துல வைக்காத.