ஹையடீஸ் கொத்தின் ஓத வால்கள்: கையா தரவில் பிடிப்பது எப்படி?

பூசமீன்:
ரிஷபத்தில் உள்ள ஹையடீஸ் விண்மீன் கொத்தின் உறுப்பினர்களை கையா விண்கலத் தரவின் மூன்றாம் வெளியீட்டிலிருந்து (2022) பிரித்தெடுக்கிறேன். மையத்தில் தனி இயக்கம் (விண்மீன் வானில் நகரும் கோண வேகம்) ஆண்டுக்குச் சுமார் 105 மில்லி ஆர்க்செகண்ட். அதைச் சுற்றி ±20 பெட்டி, இடமாறு தோற்றம் (தூரம் கூடக் கூடக் குறையும் கோணம்) 18 முதல் 25 மில்லி ஆர்க்செகண்ட் வரை. கொத்து அழகாக வருகிறது. பார்வைக்கு அதன் நடுவில் தெரியும் ரோகிணி 65 ஒளியாண்டுதான் என்பதால் தானே விலகிக்கொள்கிறது. ஆனால் 2019-இல் இரண்டு குழுக்கள் கண்ட ஓத வால்கள் (பால்வீதியின் ஈர்ப்பால் கொத்திலிருந்து கசிந்து நீளும் விண்மீன் வரிசைகள்) இதில் துளியும் இல்லை. வடிகட்டலில் எதை மாற்ற வேண்டும்? இன்னொன்று: 65 கோடி ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த கொத்து இப்போது ஏன் கலைகிறது?

முகில்வழி:
இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். வாலை எங்கே தேடுவது என்பதற்கும் விடை அதில்தான் இருக்கிறது.

பிறந்த சூட்டோடு கலைந்துபோவதே கொத்துகளின் வழக்கம். முகிலின் அடர்ந்த பகுதியில் உள்ள வாயுவில் 10–30 சதவீதம்தான் விண்மீனாகிறது. மீதியைப் பெரிய விண்மீன்களின் புற ஊதா ஒளியும் விண்மீன் காற்றும் சில பத்து லட்சம் ஆண்டுகளில் வெளியே தள்ளிவிடும். அதுவரை எல்லாரையும் பிடித்து வைத்திருந்த ஈர்ப்பில் பெரும்பங்கு அந்த வாயுவுடையது. பாதிக்கு மேற்பட்ட நிறை சட்டென்று போனால் கட்டு அவிழும். வாயு நிதானமாக வெளியேறினால் கொத்து விரிந்துகொடுத்துப் பிழைக்கும். முகிலுக்குள் பிறக்கும் கொத்துகளில் பத்தில் ஒன்றுகூட கார்த்திகைக் கூட்டத்தின் வயதை எட்டுவதில்லை என்று சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா இருவரும் 2003-இல் கணக்கிட்டார்கள். ஆக ஹையடீஸ் பிழைத்த சிறுபான்மையில் ஒன்று.

பிழைத்தது வெடித்துச் சிதறுவதில்லை, மண்பானை போலக் கசிகிறது. விண்மீன்கள் ஒன்றையொன்று கடக்கும்போது ஆற்றல் கைமாறுகிறது. கனமானவை மையத்துக்கு இறங்குகின்றன, லேசானவை வேகம் பெற்று விளிம்புக்குப் போகின்றன. ஹையடீஸில் சின்னச் சிவப்புக் குள்ளர்கள் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். எண்ணிக்கை N என்றால், குறுக்கே கடக்கும் நேரத்தை N/(8 ln N) ஆல் பெருக்கினால் இந்த ஆற்றல் பரிமாற்றத்துக்கான காலம் கிடைக்கும். 1000 விண்மீன்கள், கடக்க 20 லட்சம் ஆண்டு என்று வைத்தால் சுமார் 3.6 கோடி ஆண்டு. ஹையடீஸ் அதைப்போலப் பல மடங்கு வாழ்ந்துவிட்டது.

விளிம்பு எங்கே முடிகிறது என்பதைப் பால்வீதி தீர்மானிக்கிறது. ஓத ஆரத்தின் (கொத்தின் ஈர்ப்புப் பிடி முடியும் எல்லை) மும்மடி = GM / 4A(A−B); இதில் G ஈர்ப்பு மாறிலி, M கொத்தின் நிறை. பால்வீதியின் சுழற்சியை விவரிக்கும் ஊர்ட் மாறிலிகள் A = 15.3, B = −11.9 (கி.மீ./வி./கிலோபார்செக்), கட்டுண்ட நிறை 300 சூரிய நிறை என்று போட்டால் 9.2 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) வரும். நிறை குறையக் குறைய இந்த எல்லையும் உள்ளே சுருங்குகிறது, அதனால் கசிவு இன்னும் கூடும். இப்போதுள்ள கொத்து இன்னும் 3 கோடி ஆண்டுக்குள் முற்றாகக் கலையும் என்று 2020-இல் வந்த ஒரு கணிப்பு சொல்கிறது.

பால்வீதி மையத்தின் பக்கம் கசிந்த விண்மீன் குறுகிய சுற்றில் சுற்றுவதால் முந்திப் போகிறது. வெளிப்பக்கம் கசிந்தது பின்தங்குகிறது. அதனால்தான் முன்வால், பின்வால் என இரண்டு. வெளியேறும் வேகம் நொடிக்கு 1 கி.மீ. அளவுதான்.

கோணமானி:
வடிகட்டலில் சிக்கல் பெட்டியில்தான். ஒரே திசைவேகத்தில் போகும் விண்மீன்களுக்கு ஒரே தனி இயக்கம் இருக்காது. ஹையடீஸ் நம்மைப் பொறுத்து நொடிக்கு 46 கி.மீ. வேகத்தில் போகிறது. 47 பார்செக்கில் அது ஆண்டுக்கு 110 மில்லி ஆர்க்செகண்ட் அளவில் தெரிகிறது; அதே வேகம் அதே கோணத்தில் 150 பார்செக்கில் 34 மட்டுமே. இடமாறு தோற்றமோ 6.7. உங்கள் இரண்டு வரம்புகளும் வாலை அப்படியே வெட்டிவிடுகின்றன.

மாற்றுவழி 1908-இலேயே லூயிஸ் பாஸ் காட்டியது: குவிபுள்ளி, அதாவது கொத்தின் விண்மீன்கள் எல்லாம் வானில் நோக்கிப் போவதாகத் தெரியும் புள்ளி. ஹையடீஸுக்கு அது திருவாதிரைக்குச் சற்றுக் கிழக்கே விழுகிறது. ஒவ்வொரு விண்மீனின் தனி இயக்கத்தையும் அந்தப் புள்ளியை நோக்கிய கூறு, அதற்குக் குறுக்கான கூறு என்று பிரியுங்கள். இரண்டையும் 4.74 ஆல் பெருக்கி இடமாறு தோற்றத்தால் வகுத்தால் கி.மீ./வி. கிடைக்கும். குறுக்குக் கூறு பூஜ்யத்தை ஒட்டியும், நோக்கிய கூறு 46 × சைன் λ-வை ஒட்டியும் இருக்க வேண்டும் (λ என்பது விண்மீனுக்கும் குவிபுள்ளிக்கும் இடையிலுள்ள கோணம்). ±2 கி.மீ./வி. வரம்பில் தொடங்குங்கள், இடமாறு தோற்றத்தை 5 வரை இறக்குங்கள், அதன் மதிப்பு பிழையைப்போல 10 மடங்காவது இருக்கட்டும்.

ஆர்.யூ.டபிள்யூ.இ. எண்ணை (கையா அளவீடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதன் அளவு; கூடினால் மோசம்) 1.4-க்குக் கீழே என்று வெட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். மோசமான அளவீடுகளோடு இரட்டை விண்மீன்களும் போய்விடும். நிறையைக் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் அது பெரிய இழப்பு.

இந்த முறையால் மையத்திலிருந்து 200 பார்செக் வரை போகலாம். அதற்கு அப்பால் பால்வீதியின் வேறுபட்ட சுழற்சியால் வால் விண்மீன்களின் வேகமே பல கி.மீ./வி. மாறிவிடுகிறது. ஒரே குவிபுள்ளி அங்கே உதவாது. பலபொருள் உருவகப்படுத்தலில் (விண்மீன்களின் ஈர்ப்பியக்கத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) கிடைக்கும் திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். 2021-இல் வாலை சுமார் 800 பார்செக் வரை நீட்டியது அப்படித்தான்.

பூசமீன்:
நன்றி. ±2 என்றால் தொடர்பில்லாத விண்மீன்களும் கலக்குமே. எவ்வளவு கலப்படம் என்று மதிப்பிட, யூ கூறின் (திசைவேகத்தில் பால்வீதி மையத்தை நோக்கிய பங்கு, கி.மீ./வி.) குறியை மாற்றி (−42-ஐ +42 ஆக்கி) அதே தேர்வை ஓட்டி எண்ணிக் கழித்தால் போதுமா?

கோணமானி:
போதாது, ஹையடீஸ் விஷயத்தில் அது ஏமாற்றும். கொத்தின் திசைவேகத்திலேயே ஒரு பெரிய விண்மீன் ஓடையும் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை கொத்திலிருந்து பிரிந்தவை அல்ல, பால்வீதியின் மையப் பட்டையோ சுருள்கரங்களோ ஒத்ததிர்வால் சேர்த்துத் தள்ளியவை. வயதும் பலவாறாக இருக்கும். +42 பக்கத்தில் அப்படி ஓடை இல்லாததால் கலப்படம் குறைவாகவே தெரியும்.

அதே திசைவேகத்தை வைத்துக்கொண்டு இடத்தை மாற்றுங்கள். வால் பால்வீதித் தளத்தில் சுழற்சித் திசையை ஒட்டி நீள்கிறது. அதற்கு மேலும் கீழும் அதே கன அளவில் எண்ணி, அந்த அடர்த்தியைக் கழியுங்கள். மிஞ்சுவதை நிற-ஒளிர்வு வரைபடத்தில் ஹையடீஸ் முதன்மை வரிசையோடு (அதன் சாதாரண விண்மீன்கள் அமரும் கோடு) பொருத்துங்கள். பிரகாசமானவற்றுக்கு கையாவின் ஆரத் திசைவேகமும் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) உண்டு. மையத்தில் அது 39 கி.மீ./வி., மற்ற இடங்களில் 46 × கோசைன் λ. ஒத்துப்போகாதவற்றை நீக்கும் முன், அவை இரட்டை விண்மீன்களா என்று ஒருமுறை பாருங்கள்.