டேட் பிக்கருக்குத் தமிழ்: திகதி தெரிவியா, தேர்வியா, விரிநாட்காட்டியா?

ஹட்டனிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். இணையப் படிவம் பற்றிய செய்முறைக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மாணவர்கள் செய்யப்போவது முதலாம் தரச் சேர்க்கைக்கான மாதிரி விண்ணப்பம். பெயர், தோட்டம், பிரிவு எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. பிறந்த திகதியில்தான் தடங்கல். பெட்டியைத் தொட்டதும் ஒரு மாதத்தை விரித்துக் காட்டி நாளைத் தொடச் சொல்கிறதே, அந்த டேட் பிக்கருக்கு "திகதி தெரிவி" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பதுளையிலிருந்து:

டீச்சர், இங்கே இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. திகதி விழும் இடம் ஒன்று, அதை எடுத்துக் கொடுக்கும் கருவி இன்னொன்று. குறிப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். இல்லாவிட்டால் பிழை எங்கே என்று பிள்ளைகளுக்குச் சொல்லவே முடியாது.

இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.இல் உள்ளீட்டின் வகையை "டேட்" என்று வைத்தால், திரையில் தெரியும் வரிசையை உலாவிதான் முடிவு செய்கிறது. ஒருவர் குரோம் உலாவியில் 31/01/2022 என்று பார்ப்பார், இன்னொருவர் 01/31/2022 என்று பார்ப்பார். உள்ளே போகும் மதிப்பு இருவருக்கும் 2022-01-31 தான். நிரலிலிருந்து 31/01/2022 என்று மதிப்பிட்டால் பெட்டி வெறுமையாகவே நிற்கும், மாணவர் காரணம் தெரியாமல் தேடுவார்.

எல்லைகளையும் கட்டாயம் வையுங்கள். ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், 2027 சேர்க்கைக்கு "மேக்ஸ்" என்னும் மேல் எல்லை 2022-01-31. "மின்" என்னும் கீழ் எல்லையை வைக்காவிட்டால் ஆண்டுக்கு 22 என்று தட்டுபவரின் பிள்ளை 0022ஆம் ஆண்டில் பிறந்ததாகப் பதிவாகும். "மேக்ஸ்" இல்லாத பெட்டியில் குரோம் ஆறு இலக்க ஆண்டையும் ஏற்கும். உலாவியின் சோதனையைத் தாண்டியும் தரவு வரலாம் என்பதால் இதே எல்லைகளைச் சேவையகத்திலும் (சர்வர்) சோதிக்க வேண்டும்.

இடத்துக்கு என் பரிந்துரை "திகதிக்கூடு". "உரிய கூட்டில் அடையாளமிடுக" என்று நம் படிவங்களில் எல்லாரும் வாசித்ததுதானே.

கண்டியிலிருந்து:

கூடு நல்ல சொல். தரவுத்தளப் பாடத்துப் "புலம்" (ஃபீல்ட்) அங்கேயே இருக்கட்டும், திரையில் தெரிவது கூடு.

"தெரிவி" மட்டும் வேண்டாம். தெரிவு என்றால் தேர்ந்தெடுத்தல், உண்மை. ஆனால் தெரிவி என்பது அறிவி என்னும் ஏவல். "திகதி தெரிவி" என்று படிக்கும் பிள்ளை, எப்போது என்று சொல்லச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளும்.

"திகதி"யிலும் எனக்கு உடன்பாடில்லை. அது திதியிலிருந்து வந்தது. திதி சந்திரக் கணக்கு. ஒரே நாளில் இரண்டு திதி தொடுவதும் உண்டு. நமக்கோ நாள் என்ற தமிழ்ச் சொல் கையில் இருக்கிறது. ஆனால் நாளையும் தெரிவியையும் புணர்த்தினால் "நாடெரிவி", "நாட்டெரிவி" என்று போய்விடும். குறள் 553இல் வரும் "நாடொறும்" இதே புணர்ச்சிதான், பக்கத்திலேயே "நாடு" என்ற சொல்லும் நிற்கிறது. உங்கள் படிவத்திலும் பக்கத்துக் கூடு நாட்டைக் கேட்கும் கூடாக இருந்தால் குழப்பம் நிச்சயம். ஆகவே "நாள்தேர்வி" என்று பிரித்து ஒலிக்கும்படியே எழுதலாம்.

நுவரெலியாவிலிருந்து:

ஐயா, தோட்டத்தில் வீட்டுக்குள் தேதி, பள்ளிக்கூடத்தில் திகதி. இரண்டையும் விட்டு மூன்றாவதைக் கொண்டுவந்தால் யாருக்குப் பயன்? விண்ணப்பத்தில் "பிறந்த திகதி" என்று அச்சாகியிருக்கும்போது கருவிக்கு மட்டும் "நாள்" என்றால் அது வேறெதையோ கேட்பதாக நினைப்பார்கள். திகதி எங்கிருந்து வந்தது என்பது அகராதிக்கு வேண்டிய செய்தி, படிவம் நிரப்புகிறவருக்கு வேண்டியதில்லை.

நாளுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆண்டு, மாதம், திகதி என்று மூன்று கூடு போடும் படிவங்களில், முழுவதற்கும் திகதி, கடைசிக் கூட்டுக்கும் திகதி. சிலர் அந்தக் கடைசிக் கூட்டிலேயே முழுத் திகதியையும் எழுதிவிடுகிறார்கள். அங்கே ஆண்டு, மாதம், நாள் என்று இருக்கட்டும்.

கருவிக்கு "விரிநாட்காட்டி" என்பேன். சுடுசோறு போல வினைத்தொகை, பார்த்ததும் புரியும்.

பதுளையிலிருந்து:

விரிநாட்காட்டி அழகுதான் அக்கா, ஆனால் எல்லாக் கருவியும் நாட்காட்டியாக விரிவதில்லை. சிலவற்றில் மூன்று உருளைகளைச் சுழற்ற வேண்டும். செய்யும் வேலையைச் சொல்லும் பெயர்தான் இரண்டுக்கும் பொருந்தும்.

பாதுகாவலரின் பிறந்த திகதிக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்பேன். 1965இல் பிறந்த பாட்டி, மேலே உள்ள ஆண்டைத் தொட்டால் பட்டியல் வரும் என்று தெரியாமல் மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பார். மூன்று எண் கூடுகளே போதும். அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். ஆண்டுக்குப் பின் வரும் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு 500 கூடும். அதில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே 1990 மார்ச் 1 என்பது 060 அல்ல, 061. பெண் என்றால் 561. இதை விட்டால் சரியான திகதியைப் படிவம் பிழை என்று திருப்பி அனுப்பும்.

கண்டியிலிருந்து:

> செய்யும் வேலையைச் சொல்லும் பெயர்தான் இரண்டுக்கும் பொருந்தும்

அப்படியானால் தேர்வி. திகதியை ஏற்றாலும் "திகதித்தேர்வி" என்று ஒற்று மிகுத்து எழுதாதீர்கள். திசைகாட்டி, வழிகாட்டி போல இயல்பாகவே வரும்.

ஹட்டனிலிருந்து:

மாணவர் ஒருவரின் படிவத்தில் 31 என்று தெரிந்தெடுத்தால் 30 என்று சேமிக்கிறது. இதற்கும் கருவிதான் காரணமா?

பதுளையிலிருந்து:

கருவி காரணமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனியே கொடுத்து உருவாக்கிய திகதி நம் நேரப்படி நள்ளிரவு. அதை ஐ.எஸ்.ஓ. சரமாக, அதாவது சர்வதேச நியம எழுத்து வடிவமாக, மாற்றினால் யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்துக்குப் போகும், 5 மணி 30 நிமிடம் குறைந்து ஜனவரி 30, 18:30 ஆகிவிடும். கூட்டிலிருந்து வரும் 2022-01-31 என்ற சரத்தை அப்படியே சேமியுங்கள், நேரமாக மாற்றவே வேண்டாம். பழைய பிறந்த திகதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1996 ஒக்டோபர் 26 முதல் 2006 ஏப்ரல் 15 வரை இலங்கை நேரம் 6 மணி முன்னால் இருந்தது. 2001 மே 10 நள்ளிரவை யூ.டி.சி. நேரமாகச் சேமித்துவிட்டு நிலையாக ஐந்தரை மணி கூட்டினால் மே 9, இரவு 11:30 என்று வரும்.

ஹட்டனிலிருந்து:

அச்சுக்குப் போகும் வடிவம் இது: இடம் "திகதிக்கூடு", கருவி "திகதி தேர்வி", மூன்று கூடுகளுக்கும் ஆண்டு, மாதம், நாள். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் டேட் பிக்கர் என்றும் எழுதுகிறேன்.

நுவரெலியாவிலிருந்து:

கூட்டுக்கு முழுச் சம்மதம். தேர்விக்கு இல்லை. பரீட்சையைத் தேர்வு என்றும் சொல்வதால் தேர்வி என்றதும் பரீட்சகர் நினைவு வரும். அடுத்த பதிப்புக்கு முன் விரிநாட்காட்டியை மறுபடி எடுப்பேன்.

கண்டியிலிருந்து:

நாள்தேர்வி என்ற என் கருத்தையும் குறித்து வையுங்கள் டீச்சர். ஒற்று மட்டும் வேண்டாம்.