எட்டாப் டு டூர்: கோத்தகிரியிலிருந்து ஏழு பேர் ஒரே குழுவாகப் பதிவு செய்வது எப்படி?

கட்டபெட்டு மிதிவண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி, கட்டபெட்டு வட்டாரத்தைச் சேர்ந்த நாங்கள் ஏழு பேர், பிரான்சில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் எட்டாப் டு டூர் நிகழ்வில் அடுத்த ஆண்டு சேர்ந்து கலந்துகொள்ள விரும்புகிறோம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் மலைக் கட்டம் ஒன்றை, அதே சாலைகளில், போக்குவரத்தை முழுவதுமாக அடைத்துவிட்டு, தொழில்முறை வீரர் அல்லாதவர்களுக்காக 1993 முதல் நடத்திவருகிறார்கள். லாரியும் சுற்றுலாப் பேருந்தும் முதுகுக்குப் பின்னால் ஒலிப்பானை அழுத்தாத மலைச் சாலையில் ஒரு நாள் முழுக்க மிதிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

எங்களில் வயதில் இளையவருக்கு 26, மூத்தவரான என் சித்தப்பாவுக்கு 55. இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். வேகத்தில்தான் பெரிய வேறுபாடு: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு இளையவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறார்கள், சித்தப்பாவுக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஒரே நிறச் சட்டை அணிந்து, ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாக முடிக்க வேண்டும் என்பதே எல்லோருடைய விருப்பமும். குழுவாகப் பதிவு செய்ய வழி இருக்கிறதா, வேகம் குறைந்தவருடன் மற்றவர்களும் சேர்ந்து புறப்படலாமா, சைக்கிளைக் கொண்டுபோவதா அங்கே வாடகைக்கு எடுப்பதா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

லியோனில் ஒரு குன்னூர்க்காரன் எழுதியது:

கட்டபெட்டு நண்பருக்கு வணக்கம். நம் மலையிலிருந்து ஏழு பேர் வருகிறீர்கள் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது. நானும் இதில் மிதித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பதிவு. குழுவாக வந்தாலும் ஒவ்வொருவரும் தம் பெயரில்தான் பதிவு செய்ய வேண்டும். நிகழ்வுக்கு முன் அடையாளச் சான்றைக் காட்டித் தமக்கான போட்டி எண்ணை நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும். அக்டோபரில் டூர் வழித்தடம் வெளியானதை அடுத்துப் பதிவு தொடங்கும், இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். ஏழு பேரும் தனித்தனியாக முயன்று, ஐந்து பேருக்குக் கிடைத்து இரண்டு பேருக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வீர்கள்? ஆகவே, நிகழ்வு நிர்வாகம் அங்கீகரித்த பயண நிறுவனம் ஒன்றிடம் நுழைவும் தங்குமிடமும் சேர்ந்த தொகுப்பாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். செலவு கூடும், ஆனால் விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்றும் அதிலேயே வந்துவிடுகிறது.

இனி முக்கியமான விஷயம். சுமார் 15,000 பேரை ஒரே நேரத்தில் சாலையில் விட முடியாது என்பதால், வேகத்தை வைத்துப் பல தொகுதிகளாகப் பிரித்து, சில நிமிட இடைவெளியில் அனுப்புகிறார்கள். முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வேகமான தொகுதியில் இடம் பெற்றவர் விரும்பினால் பின் தொகுதிக்கு வரலாம். பின்னால் இருப்பவர் முன்னால் போக முடியாது. எனவே ஒன்றாகப் புறப்படுவது என்றால் எல்லோரும் பின்னால் போவது என்றுதான் பொருள். ஆனால் கடைசித் தொகுதி கிளம்பியதும் அதன் பின்னாலேயே, பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் ப்ரூம் வேகன் என்ற வண்டி கிளம்பிவிடுகிறது. சாலையை எந்நேரமும் அடைத்துவைக்க முடியாதல்லவா? குறித்த இடத்தைக் குறித்த மணிக்குள் கடக்காதவரின் எண்ணை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே உங்கள் திட்டம் முழுவதும் சித்தப்பாவுக்கும் அந்த வண்டிக்கும் இடையே எவ்வளவு நேரம் மிஞ்சும் என்ற ஒரே கேள்வியில் நிற்க வேண்டும். சட்டை நிறம், புகைப்படம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை ஊரிலேயே கணக்கிடலாம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், கோத்தகிரி ஏறக்குறைய 1,800. ஏறும் உயரம் 1,450 மீட்டருக்கும் சற்று மேல். மூன்றேகால் மணி நேரம் என்றால் மணிக்கு 450 மீட்டர். 2022இல் பிரியான்சோனிலிருந்து ஆல்ப் துவேஸ் வரையிலான தடம் 167 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 4,700 மீட்டர். 2024இல் நீஸிலிருந்து கூயோல் கணவாய் வரை 138 கிலோமீட்டர், சுமார் 4,600 மீட்டர். மணிக்கு 450 என்ற வேகத்தில் ஏற்றத்துக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இறக்கமும் சமதளமும் தண்ணீர் நிரப்பும் இடங்களும் தனி. அது போதாது. நாள் முழுவதும் மணிக்கு 600 மீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது என் கணிப்பு. அதாவது கோத்தகிரிக்கு இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம்.

களைப்பில்லாத உடம்போடு ஒருமுறை அப்படி ஏறிவிட்டால் தேறிவிட்டதாக நினைக்க வேண்டாம். கோத்தகிரிக்கு ஏறி, கட்டபெட்டு வழியாகக் குன்னூர் வந்து, பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, மறுபடியும் கோத்தகிரிக்கு ஏறட்டும். அந்த இரண்டாம் ஏற்றத்தின் நேரம்தான் உண்மையான நேரம். நம் சாலையின் சராசரிச் சரிவு நான்கரை சதவீதத்துக்கும் குறைவு. ஆல்ப் துவேஸ் 13.8 கிலோமீட்டருக்கு 8.1 சதவீதம், அதுவும் நாளின் கடைசியில்.

உயரத்தைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அந்த 2022 தடத்திலேயே உயரமான கலிபியே கணவாய் 2,642 மீட்டர், நம் தொட்டபெட்டா 2,637. உங்களை வாட்டப்போவது பள்ளத்தாக்கின் ஜூலை வெயில். குளிரில் வளர்ந்தவர்கள் நாம். சிறுமுகைப் பக்கம் நண்பகலில் மிதித்துப் பழகிவிட்டு வாருங்கள்.

வெலிங்டன் வளைவு எழுதியது:

லியோன் அண்ணனின் கணக்கை மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்ந்து பயிற்சி செய்து, சேர்ந்து கடல் கடந்து போகிறவர்களை அவரவர் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிரித்துவிட்டால், குழு என்பதற்கு என்ன மிச்சம்? வேகமானவர்களில் ஒருவராவது பின் தொகுதிக்கு வந்து சித்தப்பாவுடன் கடைசிவரை மிதிக்கட்டும். சமதளத்தில் அவருக்கு முன்னால் நின்று காற்றைத் தடுப்பது, தண்ணீர்ப் புட்டியை நிரப்பித் தருவது, சாப்பிட நினைவூட்டுவது, இவையெல்லாம் நேரத்தையும் மிச்சப்படுத்தும். மற்றவர்கள் சம வேகமுள்ள இருவர் இருவராகப் போகலாம். ஏழு பேரும் ஒரே வரிசையில் போவது மட்டும் எனக்கும் சரியாகப் படவில்லை. ஒருவருக்குப் பங்க்சர் ஆனால் ஏழு பேரும் நிற்க வேண்டியிருக்கும்.

மேட்டுப்பாளையம் பட்டறை எழுதியது:

சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் வாடகை பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே எடுக்கும் சைக்கிளில் பெரும்பாலும் இடது கைப்பிடி முன் பிரேக்காகவும் வலது கைப்பிடி பின் பிரேக்காகவும் இருக்கும். நம் ஊரில் இதற்கு நேர்மாறு. வேகமாக இறங்கும்போது பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்கினால் தலைகீழாக விழ நேரும். ஆகையால் முன்பதிவின்போதே மாற்றிப் பொருத்தித் தரச் சொல்லுங்கள், கையில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு பிரேக்காக அழுத்திச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். உங்கள் சீட்டையும் பெடலையும் இங்கிருந்தே கழற்றி எடுத்துச் செல்லுங்கள். சீட்டின் உயரத்தையும் சீட்டு நுனியிலிருந்து கைப்பிடி வரையான நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதானால் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள். பெட்டியில் அடிபட்டு முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு பிரேமுக்கும் வெவ்வேறு வடிவம் என்பதால் அங்கே கடையில் உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது. பெரியவருக்கு முன் கியர்ச் சக்கரத்தில் 34 பல், பின் கியர்ச் சக்கரத்தில் 34 பல் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, அங்கே சாலையின் வலது பக்கமாகத்தான் செல்வார்கள். சாலை அடைக்கப்பட்டிருந்தாலும் மெதுவாகப் போகிறவர் வலப்புறம் ஒதுங்க வேண்டும், முந்துகிறவர் இடப்புறமாக வருவார். இறக்கத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.

கட்டபெட்டு மிதிவண்டி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஏழு பேரும் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தோம். சித்தப்பாவே முதலில் பேசினார்: மார்ச் இறுதிக்குள் இரண்டாம் ஏற்றத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க முடியாவிட்டால், தாம் மிதிக்காமல் எங்களுடன் வந்து உணவு தரும் பொறுப்பை ஏற்பதாகச் சொல்லிவிட்டார். அவருடன் பின் தொகுதியில் மிதிக்க ஆசிரியையாக இருக்கும் எங்கள் தோழி முன்வந்திருக்கிறார். மற்ற ஐவரும் இருவர், மூவராகப் போகிறோம். பயண நிறுவனம் வழியாகவே பதிவு செய்வதென்றும் முடிவாயிற்று.

பயிற்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடை சீசனில் வழக்கமாக மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் கீழே போகும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவதால், மே மாதத்தில் எங்கள் ஏற்றம் முழுவதும் எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். செங்குத்தான சரிவுக்காக மசினகுடியிலிருந்து கல்லட்டிச் சாலையில் ஏறலாமா என்றும் யோசிக்கிறோம்.

லியோனில் ஒரு குன்னூர்க்காரன் எழுதியது:

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் நல்ல பயிற்சிதான்; ஆனால் வெயில் நன்றாக ஏறிய பிறகே புறப்படுங்கள், யானை நடமாட்டம் பற்றி உள்ளூரில் விசாரித்துவிட்டுப் போங்கள். ஜூனில் பர்லியாறு, கல்லாறு பக்கமும் அப்படித்தான், பலாப்பழம் பழுக்கும் காலம். நீண்ட பயிற்சிகளை ஏப்ரலுக்குள் முடித்துவிட்டு, மே மாதத்தில் கோத்தகிரியிலிருந்து கோடநாடு வரை சென்று திரும்பும் சிறிய சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் கொட்டும் அளவுக்கு உங்கள் பக்கம் கொட்டாது, ஆகவே ஜூனிலும் மிதிக்கலாம்.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு முன்பு விண்ணப்பிக்க நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம் என்பதால் பிப்ரவரியிலேயே ஏழு பேரும் சேர்ந்து பதிந்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் சில, போட்டி நிகழ்வில் மிதிக்கும்போது ஏற்படும் காயத்தை ஏற்பதில்லை. சைக்கிள் நிகழ்வும் அடங்கும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.